வீடும் பாடசாலையும்: கண்டி மலைப்புறத்து மாணாக்கர் கல்வி பற்றிய ஒரு நோக்கு

ஓர் இளைஞனை உருவாக்கும் பொறுப்பு யாரைச் சார்ந்தது என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. சங்கப் புலவருள் ஒருவரான பொன்முடியார், புறநானூற்றுச் செய்யுளொன்றில், அப்பொறுப்பை ஒருவர் தலைமேல் மட்டும் சுமத்தாது பலர்க்கும் பங்கிட்டுரைத்தார். பெற்ற தாய்க்கும் தந்தைக்கும் மட்டுமன்றி, வேல் வடிக்கும் கொல்லனுக்கும் நாடாளும் வேந்தனுக்கும் ஆங்குத் தனித்தனிக் கடன் வகுக்கப்பட்டுள்ளது. இளைஞனுக்குரிய கடன் யாவற்றுக்கும் இறுதியிலேயே கூறப்படுகின்றது. அது போர்க்காலத்துச் செய்யுளே. ஆயினும், மற்றையோர் தத்தம் கடனைச் செய்து முடித்த பின்னரே இளைஞனிடம் அவன் கடனை எதிர்பார்த்தல் முறை என்னும் அதன் உட்கிடை, வேலேந்திய காலத்துக்கு மட்டுமன்றி எழுதுகோலேந்தும் காலத்துக்கும் பொருந்துவதாகும்.

இக்காலத்து வழக்கமோ இதற்கு நேர்மாறானது. பரீட்சைப் பெறுபேறு வெளிவந்ததும் முதற்குற்றம் மாணாக்கன் மீது சுமத்தப்படுகின்றது. அடுத்த குற்றம் பெற்றோர் மீது ஏற்றப்படுகின்றது. கண்டி நகரைச் சூழ்ந்த ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, பன்விலை, மடுல்கலை, ரங்கலை முதலிய மலைப்புறங்களில் ஆசிரியர் கூடும் இடங்களிலெல்லாம், "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்னும் வாக்கியம் அடிக்கடி கேட்கப்படுவது. இவ்வாக்கியம் உண்மையாயின் பாடசாலை செய்யக்கூடியது சிறிதே. இது பிழையாயின், அதனை நம்பி வாளாவிருந்த காலமெல்லாம் பிள்ளைகளுக்கு இழைத்த தீங்காய் முடியும். ஆதலின் இவ்வாக்கியத்தைச் சற்று நின்று ஆராய்தல் வேண்டும்.

தோட்டப் பாடசாலையின் வரலாறு

கண்டி மலைகளிற் பெருந்தோட்டப் பயிர்ச்செய்கை 1820களில் கம்பளைக்கு அண்மையில் இடப்பட்ட கோப்பித் தோட்டத்தோடு வேரூன்றியது. அத்தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர், தொடக்கத்தில், கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவோராகவே பெரும்பாலும் இருந்தனர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைச் சில ஆண்டுகளில் அழித்தொழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். ஆகவே, தொழிலாளரும் ஆண்டு முழுவதும் வேண்டப்பட்டனர். பருவந்தோறும் வந்துபோனவர் குடும்பத்தோடு லயங்களிற் குடியேறினர். குடும்பம் நிலைகொண்ட அன்றே பிள்ளைகளின் கல்வி பற்றிய வினாவும் உடன் எழுந்தது எனலாம்.

அவ்வினாவுக்கு முதலில் விடையிறுத்தவர் அரசாங்கத்தாரல்லர். 1854இல் தோட்டத் தமிழரிடையே பணிபுரியவெனத் தொடங்கப்பெற்ற கிறித்தவ மிஷன் ஒருபுறம் சில பாடசாலைகளை நடத்தியது. மறுபுறம், கங்காணிமாரின் ஆதரவில், லயத்துத் திண்ணையிலோ மரநிழலிலோ எழுத்தறிந்த ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிவைத்து மணலில் எழுத்துப் பழக்கினார். 1907ஆம் ஆண்டுச் சட்டமே, தோட்டத்திலுள்ள ஆறு முதற் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்க வேண்டியது தோட்ட நிருவாகியின் கடமை என விதித்தது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அக்கடமையை மேலும் வலியுறுத்தியது. எனினும், பிள்ளையைத் தொழிலாளியாக எதிர்நோக்கும் ஒருவரிடமே அப்பிள்ளையை மாணாக்கனாக்கும் பொறுப்பையும் ஒப்படைத்த ஏற்பாடு அது. பத்து வயது நிரம்பிய பிள்ளை மலைக்கு வேலைக்குச் செல்வது அக்காலத்தில் வழக்கமாயிருந்தமையின், அவ்வயதோடு கல்வி முடிவதும் இயல்பாகவே கொள்ளப்பட்டது.

கலாநிதி சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஆயினும், தோட்டப் பாடசாலைகள் அதன் பின்னரும் பல்லாண்டுக் காலம் தோட்ட நிருவாகத்தின் கீழேயே இருந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இற் செய்யப்பெற்ற சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை உரிமை வழங்கவும் வகைசெய்தது. தன் பிள்ளை எந்த நாட்டில் வாழப்போகின்றான் என்பதே தெரியாத தந்தை, அவனுக்கு எந்த மொழியை, எத்தனை ஆண்டுகள் கற்பிப்பது என எங்ஙனம் தீர்மானிப்பான்? இவ்வையம் முற்றாக நீங்கியது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரேயாம்.

1972இலும் 1975இலும் செய்யப்பெற்ற காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அவற்றைத் தொடர்ந்து, தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. ஓராசிரியர் ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புக்களையும் நடத்திய இடங்களிற் புதிய கட்டடங்கள் எழுந்தன. 1980களில் சுவீடன் நாட்டினதும், பின்னர் ஜெர்மனி நாட்டினதும் உதவி கிடைத்தது. மலையகத்து இளைஞர் பயிற்சி பெற்ற ஆசிரியராதற்குப் பத்தனையிலே ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி நிறுவப்பட்டது. லயத்திற் பிறந்த ஒருவரே லயத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியராய் வரும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

இவ்வரலாற்றை ஈண்டு விரித்துக் கூறியதற்கு ஒரு காரணம் உண்டு. ஏனைய மக்களுக்கு 1945இல் திறந்த கதவு, இம்மக்களுக்கு ஒரு தலைமுறைக்குப் பின்னரே முழுமையாகத் திறந்தது. இன்று பாடசாலை செல்லும் பிள்ளையின் பாட்டனும் பாட்டியும் நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு மேற் கற்க வாய்ப்பற்றிருந்தோர். வீட்டிற் புத்தகம் இல்லாமைக்கும், வீட்டுப்பாடம் சொல்லித்தர ஆளில்லாமைக்கும் காரணம் இங்கேதான் தேடப்படல் வேண்டும்.

லயத்தின் நாட்பொழுது

கொழுந்து பறிக்கும் தாய் வைகறையில் எழுகின்றாள். தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, தேநீர் வைத்து, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் பெரட்டுக்குச் சென்று, அங்கிருந்து மலைக்கு ஏறுகின்றாள். நண்பகலிற் கொழுந்து நிறுத்த பின் சிறிது ஓய்வு. மீண்டும் மாலைவரை மலை. அவள் வீடு திரும்பும்போது பொழுது சாயும் வேளை. பாடசாலையோ காலை 7.30 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30 மணிக்கு முடிவுறுகின்றது. ஆகவே, பாடசாலை விட்ட நேரத்துக்கும் தாய் வீடு வந்துசேரும் நேரத்துக்கும் இடையே மூன்று மணி நேரத்துக்குக் குறையாத ஒரு வெளி கிடக்கின்றது. அவ்வெளியில் மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையரைப் பார்க்கின்றாள், விறகு பொறுக்குகின்றாள், அடுப்பு மூட்டுகின்றாள். தந்தை கொழும்பிலே கடையில் வேலைசெய்பவராயோ, தாய் மேற்காசிய நாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாயோ இருப்பின், அவ்வெளி நாள் முழுவதற்கும் நீள்கின்றது. பாட்டி ஒருத்தியே துணை.

இனி, இருக்கும் இடத்தை நோக்குவாம். பழைய லயக்காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. சமையலும் உறக்கமும் விருந்தும் நோயும் யாவும் அதற்குள்ளேயே. அதன் ஒரு மூலையில் அமர்ந்து கணக்குச் செய்யும் பிள்ளைக்கு வேண்டியது அறிவுரையன்று. ஒரு மேசையும், ஒரு விளக்கும், ஒரு மணி நேர அமைதியுமே.

பெற்றோர் கூட்டம் வேலைநாட் காலையிற் கூட்டப்படுகின்றது எனக் கொள்வோம். அதற்கு வரும் தாய்க்கு அன்றைய பேர் இல்லை. பேர் என்பது தோட்டத்து வழக்கில் ஒருநாட் கூலியைக் குறிக்கும். கூட்டத்தில் தன் பிள்ளையின் குறைகளைப் பிறர் முன்னிலையிற் கேட்பதற்காக ஒருநாட் கூலியை இழந்து வருமாறு அவள் அழைக்கப்படுகின்றாள். அழைப்போ எழுத்தில் வருகின்றது. வாசிக்க இயலாதவள் பிள்ளையிடமே அதனைக் கொடுத்து வாசிக்கச் சொல்கின்றாள். தன் குறைகூறும் கடிதத்தைத் தானே வாசித்துக்காட்ட வேண்டிய பிள்ளை எதை வாசிக்கும், எதை விடும் என்பதை ஊகித்தல் எளிது. கூட்டத்துக்கு வராத தாயின் பெயருக்கு எதிரே பதிவேட்டில் ஒரு கோடு இழுக்கப்படுகின்றது. "அக்கறை இல்லை" என்னும் வாக்கியம் பிறப்பது பெரும்பாலும் இக்கோட்டிலிருந்தே.

ஆயின், அதே தாய் தை மாதத்தில் வெள்ளைச் சப்பாத்து வாங்குதற்காகத் தோட்டினை அடகு வைக்கின்றாள். எழுத்தறியாத தாய், மாலையில் அப்பியாசக் கொப்பியை விரித்து, சரிக்குறி எத்தனை, பிழைக்குறி எத்தனை என எண்ணிப் பார்ப்பதை மலைப்புறத்தில் நெடுங்காலம் கற்பித்த ஆசிரியர் பலரும் அறிவர். அக்கறை உண்டு. அது பாடசாலைக்கு விளங்கும் மொழியில் வெளிப்படாமையே குறை.

துணைத் திட்டங்களும் அவற்றின் செயலும்

குடும்பத்தின் சுமையைப் பாடசாலை வழியாகக் குறைப்பதற்கு அரசாங்கம் செய்துள்ள ஏற்பாடுகள் சில. 1980 முதற் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்பெற்று வருகின்றன. 1989இற் பாடசாலை மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. இடையிலே தடைப்பட்டுப் பின்னர் வேறு வடிவங்களில் மீண்டும் தொடர்ந்தது. 1993 முதற் சீருடைத் துணி வழங்கப்படுகின்றது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாதந்தோறும் உதவிப்பணமும் பெரிய பாடசாலையில் இடமும் தேடித்தருவது. 1981இல் நிறுவப்பெற்ற மகாபொல நிதியம், பல்கலைக்கழகம் வரை வந்த மாணாக்கர்க்குக் கைகொடுப்பது. 1998 முதல் ஐந்து தொடக்கம் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி நடைமுறையானது. 2016இல் அவ்வயதெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது.

இவை ஒவ்வொன்றும் எவ்வாறு செயற்படுகின்றன என்பதை அறிதல் பயனுடைத்து. மதிய உணவு, பிள்ளையின் வயிற்றை நிரப்புவதோடு அமைவதில்லை. காலையிற் தேநீர் மட்டும் அருந்தி மூன்று மைல் மலைப்பாதையில் நடந்துவந்த பிள்ளைக்குப் பத்து மணிக்குப் பின்னர்க் கரும்பலகை மங்கித் தோன்றுவது கண்ணின் குறையாலன்று, பசியால். உணவு கிடைக்கும் இடத்தில் வரவு உயர்வதும், நான்காம் ஐந்தாம் பாடவேளைகளிற் கவனம் நிலைப்பதும் இக்காரணம் பற்றியே. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிற் பெரும்பஞ்சம் நிலவியபோதும், 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோதும், பசி முதலிற் தாக்கியது வறியவர் வீட்டுப் பிள்ளைகளையே. சீருடையும் பாடநூலும் வேறு வகையாற் பயன்படுகின்றன. உள்ளவன் பிள்ளைக்கும் இல்லாதவன் பிள்ளைக்குமிடையே வகுப்பறையிற் கண்ணாற் காணும் வேற்றுமையை அவை நீக்குகின்றன. நாணத்தாற் பின்வரிசையில் ஒதுங்கிய பிள்ளை முன்வரிசைக்கு வருதற்கு இதுவும் ஒரு வழி.

எனினும், இத்திட்டங்களுக்குப் பொதுவான ஒரு குறையுண்டு. இவை யாவும் பிள்ளையை வந்தடைகின்றன. பிள்ளையின் வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையேயுள்ள தூரத்தைக் குறைப்பதில்லை. பெற்றோர் வரிசையில் நின்று கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்வோராக மட்டுமே ஆகின்றனர். பெறுவோர் வேறு, பங்காளர் வேறு.

பிற நாட்டார் கண்ட உண்மைகள்

1966இல் ஜேம்ஸ் கோல்மன் என்னும் சமூகவியலறிஞர், அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 பாடசாலைகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். பாடசாலைக் கட்டடம், கருவிகள் ஆகியவற்றிலும் பார்க்க மாணாக்கனின் குடும்பப் பின்னணியே அவன் தேர்ச்சியோடு மிக நெருங்கிய தொடர்புடையது என்பது அவ்வறிக்கையின் முடிபுகளுள் ஒன்று. இதனைக் கண்ட சிலர், அங்ஙனமாயிற் பாடசாலையாற் பயனில்லை என்றும், வறியவர் பிள்ளை வறியவனாகவே கிடப்பான் என்றும் பொருள் கொண்டனர். அது பொருந்தாக் கூற்று. குடும்பம் வலிமையுடையதாயின், அக்குடும்பத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் பாடசாலை வலிமை பெறும் என்பதே அதனாற் பெறப்படும் பொருள்.

இதற்குச் சான்று, அந்நாட்டு மிச்சிகன் மாநிலத்து இப்சிலாந்தி நகரில் 1962 முதல் 1967 வரை நடைபெற்ற பெரி முன்பள்ளித் திட்டமாகும். வறிய குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகள் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவருள் 58 பேர் முன்பள்ளியிற் சேர்க்கப்பட்டனர். எஞ்சிய 65 பேர் ஒப்புநோக்குதற்காக அவ்வாறே விடப்பட்டனர். முன்பள்ளியிற் கற்பித்ததோடு அமையாது, ஆசிரியர் வாரந்தோறும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் சென்று, தாயோடும் பிள்ளையோடும் ஒன்றரை மணி நேரம் இருந்தனர். அப்பிள்ளைகள் நாற்பது வயதடையும் வரை ஆராய்ச்சியாளர் அவர்களைத் தொடர்ந்தனர். முன்பள்ளியிற் சேர்ந்தோருள் நூற்றுக்கு 77 பேர் உயர்நிலைக் கல்வியை முடித்தனர். சேராதோருள் நூற்றுக்கு 60 பேரே முடித்தனர். ஆராயப்பட்டோர் தொகை சிறிது என்பது உண்மையே. எனினும், நான்கு வயதிற் கிடைத்த துணையின் தடம் நாற்பது வயதிலும் மறையாதிருந்தமை எண்ணத்தக்கது.

இரண்டாவது சான்று ஜேம்ஸ் கோமர் என்னும் மனநோய் மருத்துவர் 1968இல் நியூஹேவன் நகரில் இரு பாடசாலைகளில் தொடங்கிய முயற்சி. ஒழுங்கும் தேர்ச்சியும் மிகத் தாழ்ந்திருந்த அப்பாடசாலைகளில் அவர் அதிபர், ஆசிரியர், பெற்றோர், பிற ஊழியர் யாவரையும் ஒரே குழுவில் அமர்த்தினார். குற்றம் யார் மேலது எனப் பேசுதல் கூடாது என்பதும், யாவரும் உடன்பட்டே முடிவெடுத்தல் வேண்டும் என்பதும் அக்குழுவின் விதிகள். சில ஆண்டுகளில் வரவும் தேர்ச்சியும் உயர்ந்தன. பின்னர் அம்முறை பல நகரங்களுக்கும் பரவிற்று. கோமர் இம்முறையைக் கண்டமைக்கு அவர் வீடே காரணம் என்பர். அவர் தந்தை உருக்காலைத் தொழிலாளி. தாய் பிறர் வீட்டில் வேலைசெய்தவர். முறையான பள்ளிப்படிப்பு அவ்வன்னைக்கு மிகக் குறைவு. அவர் பிள்ளைகள் ஐவரும் சேர்ந்து பெற்ற பட்டங்கள் 13. எழுத்தறியாமைக்கும் அக்கறையின்மைக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

தமிழ்நாட்டு வரலாறும் இதனையே கூறும். காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956இல், தொடக்கப் பாடசாலைகளில் மதிய உணவு விரிவாக வழங்கப்பட்டது. அதனையடுத்து, 1958 முதல், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியாற் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. அங்கே ஊரார் தம் பாடசாலைக்கு வேண்டிய பொருள்களைத் தாமே கொண்டுவந்து கொடுத்தனர். ஒருவர் கரும்பலகை கொடுத்தார். ஒருவர் சுவர் எழுப்பினார். கொடுத்த பொருளின் விலையிலும் பெரிது, இது எம் பாடசாலை என்னும் எண்ணம். 1982இல் அவ்வுணவுத் திட்டம் சத்துணவுத் திட்டமாக விரிந்ததும், 2022இற் காலை உணவுத் திட்டம் சேர்ந்ததும் அவ்வேரிலிருந்து தழைத்த கிளைகளே.

பாடசாலை வீட்டை நாடுதல்

இவ்வுண்மைகள் கண்டி மலைப்புறத்துக்கு எங்ஙனம் பொருந்தும் என்பதை இனி ஆராய்வாம்.

முதலாவது, தொடக்கம் பிள்ளை மடுவத்தில் அமைதல் வேண்டும். முன்னாளிற் குழந்தையைத் தொட்டிலிட்டுக் காக்கும் இடமாக மட்டுமிருந்த மடுவங்கள், 1990கள் முதற் பல தோட்டங்களிற் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றப்பட்டு வருகின்றன. அங்குள்ள பொறுப்பாளருக்கும் முதலாம் தர ஆசிரியருக்கும் ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் சந்திப்பு ஏற்படின், எந்தப் பிள்ளைக்குக் காது மந்தம், எந்தப் பிள்ளைக்குப் பேச்சுத் தாமதம் என்பவை பாடசாலை தொடங்குமுன்னரே தெரியவரும்.

இரண்டாவது, ஆசிரியர் லயத்துக்குச் செல்லல். பிள்ளை பிழை செய்தபோது மட்டும் செல்லும் ஆசிரியரை அவ்வீடு அஞ்சும். பிள்ளை நன்கு வாசித்த செய்தியைச் சொல்ல ஒருமுறை சென்ற ஆசிரியரை அவ்வீடு மறவாது. அங்கே காணும் பத்தடிக் காம்பிரா, வீட்டுப்பாடம் ஏன் வரவில்லை என்னும் வினாவுக்குத் தானே விடை கூறும். எழுத்தறியாத தாய்க்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அங்கேதான் எடுத்துரைக்க முடியும். "இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்" என நாள்தோறும் கேட்பதற்கு எழுத்தறிவு வேண்டுவதில்லை. கற்றதைத் தாய்க்கு எடுத்துக்கூறும் பிள்ளை இருமுறை கற்கின்றது.

மூன்றாவது, கூட்டத்தின் காலமும் இடமும். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், தோட்டத்துக் கோயில் முன்றிலிலோ வாசிகசாலையிலோ கூட்டம் நடப்பின், பேர் இழக்கும் அச்சமின்றித் தாயும் தந்தையும் வருவர். அங்கே அனைவர் முன்னிலையிலும் பிள்ளைகளின் குறைகளைப் பட்டியலிடாது, தனியே அழைத்துப் பேசுதல் பண்பாகும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் நகரத்துக் கடைக்காரரும் உத்தியோகத்தரும் மட்டும் இடம்பெறாது, கொழுந்து பறிக்கும் தாயொருத்தியும் இடம்பெறல் வேண்டும். 2006 முதல் நாட்டிற் செயற்படுத்தப்பட்ட பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம், முடிவெடுத்தலிற் சமூகத்துக்கும் பங்களித்தது. அப்பங்கு தாளோடு நில்லாமல் நடைமுறைக்கு வருதல் வேண்டும்.

நான்காவது, பிற்பகலின் மூன்று மணி நேரம். கோயில் மண்டபம், வாசிகசாலை, மாலையில் வெறுமையாய்க் கிடக்கும் வகுப்பறை ஆகியவற்றுள் ஒன்று படிப்பிடமாகத் திறந்திருத்தல் போதும். உயர்தர வகுப்பு மாணாக்கர் இருவர் அங்கே இருந்து சிறியோருக்கு வாசிப்பிலும் கணக்கிலும் துணைசெய்யலாம். தம்பி தங்கையரைக் காக்கும் பெண்பிள்ளை அவர்களையும் அழைத்துவர இடங்கொடுத்தல் இன்றியமையாதது. அவ்வாறின்றேல், துணை மிக வேண்டியவளே வெளியே நிற்பாள்.

ஐந்தாவது, கல்வியின் திருப்பங்கள். தோட்டத்துச் சிறு பாடசாலையில் ஐந்தாந்தரம் முடித்த பிள்ளை, புசல்லாவை சரஸ்வதி மத்திய கல்லூரி போன்ற பெரிய கல்லூரிக்கோ, கம்பளை, கண்டி நகரப் பாடசாலைகளுக்கோ செல்லல் வேண்டும். பேருந்துக் கட்டணமும் பாதை பற்றிய அச்சமும் பல பெண்பிள்ளைகளை அவ்விடத்திலேயே நிறுத்திவிடுகின்றன. அடுத்த திருப்பம் சாதாரணதரப் பரீட்சை. ஆண்டாண்டாகக் கணித ஆசிரியர் இல்லாதிருந்த பாடசாலையிற் கணிதத்திற் சித்தியெய்தாமையை மாணாக்கனின் குற்றமெனல் அறமாகாது. பரீட்சைக்கு வேண்டிய தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது, பிறப்புச் சான்றிதழில் ஒருவகையாகவும் பாடசாலைப் பதிவேட்டில் வேறுவகையாகவும் பெயர் எழுதப்பட்டிருப்பது தெரியவருகின்றது. அதனைத் திருத்தச் செயலகத்துக்குப் பன்முறை அலைய வேண்டிய தந்தை பல பேரை இழக்கின்றார். ஆறாந்தரத்திற் சேர்க்கும்போதே பெயரை ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்துவிக்கும் பாடசாலை, பொருட்செலவின்றியே பெருந்துணை செய்ததாகும்.

ஈண்டுப் பழைய மாணாக்கர்க்கும் ஒரு கடன் உண்டு. விளையாட்டுப் போட்டிக்குக் கேடயம் கொடுத்தல் நன்றே. அதனினும் நன்று, நகரில் வந்து உயர்தரம் கற்கும் மலைப்பிள்ளைக்குத் தங்குமிடம் தேடிக் கொடுத்தலும், பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தை அருகிருந்து நிரப்பிக் கொடுத்தலும். பேராதனைப் பல்கலைக்கழகம் 1952 முதல் இம்மலைகளின் அடிவாரத்திலேயே இருக்கின்றது. ஹந்தானை மலையின் ஒரு சரிவிற் பல்கலைக்கழகமும் மறு சரிவிற் தேயிலை லயங்களும் இருக்க, ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்குச் செல்லும் வழி மிக நீண்டதாயிருந்தது என்பது வரலாறு. அவ்வழியை முன்னரே நடந்தவர், பின்வருவோர்க்குக் காட்டுதல் வேண்டும்.

இரு தடைகள்

இவற்றுக்கெதிராகக் கூறப்படுவன இரண்டு. ஆசிரியருக்கு ஏலவே பளு மிகுதி என்பது ஒன்று. இது மெய்யே. குறைந்த படியில் நெடுநாட் பணிபுரிந்த ஆசிரியர் உதவியாளரையும், இரண்டு பாடத்தை ஒருவரே கற்பிக்கும் பட்டதாரியையும், லயந்தோறும் சென்று வருக எனப் பணித்தல் நீதியன்று. ஆயின், வகுப்பாசிரியர் ஒருவர் மாதத்துக்கு இரு வீடுகளுக்குச் சென்றால், ஓராண்டில் இருபது வீடுகளைக் காண்பார். அப்பயணத்துக்கெனக் கால அட்டவணையில் ஒரு பாடவேளையையும், பேருந்துக் காசையும் ஒதுக்குதல் கல்வித் திணைக்களத்தின் கடன். ஆசிரியரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்கும் திட்டம், அவ்வாசிரியர் இடமாற்றம் பெறும் நாளில் முடிந்துபோம்.

உதவி பெற்றுப் பழகியோர் முயற்சியை மறப்பர் என்பது மற்றொன்று. உதவி ஒருவழியாய் மட்டும் வரும்போது இவ்வச்சம் பொருத்தமுடையதே. உணவு சமைப்பதில் தாயும், கூரை வேய்தலில் தந்தையும், படிப்பிடத்தைத் திறந்து மூடுவதில் இளைஞரும் பங்குகொள்ளும்போது, பெறுவோரே கொடுப்போருமாகின்றனர். நூறாண்டுக்கு மேலாக இந்நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பெரும்பகுதியைத் தம் கையால் ஈட்டிக்கொடுத்த மக்களுக்கு, முயற்சியைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் சில முடிபுகள் பெறப்படும். பசியும் நாணமும் நீங்கினாலன்றிப் பிள்ளை கற்காது. ஆதலின் உணவும் உடையும் நூலும் அடிப்படைத் துணைகள். அவை மட்டும் போதா; வீட்டாரும் பாடசாலையாரும் ஒருவரையொருவர் அறிதல் வேண்டும். அவ்வறிமுகத்தை முதலிற் தொடங்க வேண்டியது, நேரத்தையும் இடத்தையும் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு யாருக்கு உண்டோ அவரே. பெரட்டுக்குச் செல்லும் தாயால் தன் வேலைநேரத்தை மாற்ற இயலாது. பாடசாலையால் தன் கூட்டத்தின் நேரத்தை மாற்ற இயலும்.

பொன்முடியார் வகுத்த கடன்களிற் தாயின் கடனை மலைப்புறத்துத் தாய் வைகறை முதற் செய்துகொண்டிருக்கின்றாள். எஞ்சியோர் தத்தம் கடனைச் செய்தனரா என்பதை, அடுத்த முறை பெற்றோர் வரவுப் பதிவேட்டில் ஒரு கோட்டை இழுக்குமுன்னர், ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் நலம் பயக்கும்.